கண் கீறப்படாத கப்டன்

போரின் கடைசி மாதங்களில் அப்பாவின் தொடைக்குள் போன எறிகணைச் செல் துண்டு ஒன்று, இத்தனை வருடமும் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு, ஒரு மாரியில் திடீரென்று சீழ் வைத்தது. வவுனியா ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். காயம் ஆறும்வரை வயலுக்கு இறங்கக்கூடாது, காலைத் தொங்கப்போட்டு இருக்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். துணுக்காயில் எங்கள் வீட்டுத்திட்ட வீட்டின் விறாந்தையில் மடக்குக் கட்டிலைப் போட்டு, காலுக்குக் கீழே தலையணை அடுக்கி, அவரைப் படுக்க வைத்தோம்.

அப்பாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வயல் இல்லாவிட்டால் கச்சான் கடலைத் தோட்டம், கச்சான் இல்லாவிட்டால் வேலி, வேலியும் முடிந்துவிட்டால் கிணற்றடியில் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். களைத்து விழுந்து நித்திரை கொள்வதற்காகவே அவர் வேலை செய்கிறார் என்று அம்மா சொல்வார். அப்படிப்பட்டவர் இப்போது கூரைத் தகரத்தைப் பார்த்தபடி கிடந்தார். தொலைக்காட்சி இடி விழுந்து பழுதாகியிருந்தது. அவரைப் பார்க்க வருவதற்கு ஊரில் ஆட்களும் இல்லை.

நான் அப்போது பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு, அரசாங்க வேலைக்குக் காத்திருந்தபடி, பக்கத்து முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, விறாந்தைப் படியில் இருந்தபடி கைத்தொலைபேசியில் மங்கா வாசிப்பேன். மங்கா என்றால் யப்பானியரின் படக்கதை. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள்தான் அதைப் பழக்கிவிட்டாள். அவள் தண்ணீரூற்றைச் சேர்ந்த முஸ்லிம் பிள்ளை. புத்தளத்தில் அகதிக் குடும்பமொன்றில் பிறந்து, பிறகு பெற்றோரோடு ஊருக்குத் திரும்பியவள். மங்காவை வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் வாசிக்க வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. "எங்கட குர்ஆன் மாதிரி நினைச்சுக்கொள். ரெண்டு நாளில பழகிடும்" என்றாள். பழகிவிட்டது. முகம் தெரியாத இரசிகர்கள் யாரோ அவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் போடுவார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு அது போதுமாக இருந்தது.

"உதென்ன பிள்ளை, ஒரே படமாக் கிடக்கு?" என்று ஒரு நாள் அப்பா கேட்டார்.

"யப்பான் கதை அப்பா."

"படத்தைப் பாத்தே கதை விளங்குமோ?"

"எழுத்தும் இருக்கு. சொல்லட்டே?"

"சொல்லன். எனக்கு வேற என்ன வேலை."

நான் வேறு கதை எதையாவது சொல்லியிருக்கலாம். சமையல் போட்டி, பந்தாட்டம், பேசும் பூனை என்று எத்தனையோ மங்கா இருக்கின்றன. நான் எடுத்தது போர்க்கதையை. அது தற்செயல் அல்ல.

பனி கொட்டும் ஒரு நாடு. அந்த நாடு போரில் தோற்றுக்கொண்டிருக்கிறது. மலைக்கிராமம் ஒன்றில் அண்ணனும் தம்பியும் தாயோடு இருக்கிறார்கள். ஒரு நாள் லொறியோடு ஒரு கப்டன் வந்து, ஊரிலுள்ள இளம்பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறான். ஒல்லியான மனிதன். சட்டையின் கழுத்துப் பொத்தான் எப்போதும் பூட்டியிருக்கும். அவன் ஒரு தடவைகூடக் கத்துவதில்லை. அவன் பேசும் வார்த்தைகளைச் சுற்றி வரைந்த குமிழிகள் மற்ற எல்லோருடையதையும்விடச் சிறியவை. அவன் நிற்கும் படங்களில் அவனைச் சுற்றி நிறைய வெள்ளை இடம் விட்டிருப்பார்கள். தொப்பியின் நிழல் அவன் முகத்தில் விழுந்திருக்கும். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மட்டும்தான்.

முதல் புத்தகங்களில் அவனை எல்லோரும் வெறுத்தார்கள். நானும் வெறுத்தேன். ஆனால் என்னுடைய வெறுப்புக்குள் வேறொன்றும் இருந்தது. வீட்டு வாசலில் நின்று மெதுவாகப் பேசுகிற, கத்தாத ஒரு மனிதரை எனக்குத் தெரியும்.

என்னுடைய அப்பா இயக்கத்தில் இருந்தவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு தானே விரும்பிப் போய்ச் சேர்ந்தவர். போரின் கடைசி வருடத்தில், வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்றிருந்த காலத்தில், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவருடைய வாகனம் வரும் சத்தம் கேட்டால் பெடியன்கள் காட்டுக்குள் ஓடுவார்கள். கலியாணம் ஆனால் விட்டுவிடுவார்கள் என்று பெண்பிள்ளைகளுக்கு அவசரமாகத் தாலி கட்டினார்கள். பின்வீதியில் ஒரு மாமி இருந்தார். கணவன் இல்லாதவர். ஒரே மகன் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். அவனை ஏற்றிய நாள், மாமி ஒழுங்கையில் விழுந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டார். நான் எங்கள் வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா குனிந்து அவரைத் தூக்கி நிறுத்தினார். "அக்கா, அழாதேங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

போர் முடிந்தது. அப்பா சரணடைந்து, புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்தார். அந்தப் பெடியன் வரவில்லை. நாங்கள் ஊரில் மீளக் குடியேறியபோது மாமியும் வந்தார். அப்பா வரும் வீதியில் அவர் வருவதில்லை. எதிர்ப்பட்டால் வேலிப்பக்கம் திரும்பி நின்றுவிடுவார். மற்றவர்கள் அப்படி நிற்கவில்லை. கதைப்பார்கள், சிரிப்பார்கள், உழவுக்குக் கேட்டால் வருவார்கள். ஆனால் கோயில் பொங்கலில் அப்பா நிற்கிற பக்கம் எப்போதும் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னிடம் நேரேயே சொன்னாள்: "உன்ர அப்பாதானே பிள்ளை பிடிச்சவர்."

அதனால்தான் அந்தக் கப்டனை நான் விடாமல் வாசித்தேன். கெட்டவனாக வருகிற ஒருவனுக்கு உள்ளே வேறொரு முகம் இருக்கும் என்று மங்கா வாசிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். எந்தப் புத்தகத்தில் அது வெளிவரும் என்று காத்திருப்போம். அப்பாவின் அந்தப் புத்தகம் எங்கேயோ இருக்கிறது, நான்தான் இன்னும் வந்து சேரவில்லை என்று ஒரு நம்பிக்கை எனக்கு.

மத்தியானங்களில் கதை நடந்தது. நான் கட்டிலோரம் கதிரையைப் போட்டு, கைத்தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு படமாகத் தள்ளிச் சொல்வேன். முதல் நாள் மரியாதைக்குக் கேட்டார். பிறகு நான் முன்பள்ளியால் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "கப்டன் இண்டைக்கு என்ன செய்யப்போறார்?" என்று கேட்கத் தொடங்கினார். பனியில் நடக்கும் பெடியன்களைப் பார்த்து, "உந்தச் சப்பாத்தோட உவங்கள் தூரம் போகமாட்டாங்கள்" என்பார். சொன்னபடியே இரண்டு அத்தியாயத்துக்குப் பிறகு ஒருவனின் கால் புண்ணாகும். அப்பா வெற்றிச் சிரிப்புச் சிரிப்பார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. குசினிக்குள் இருந்து, "சண்டைக்கதை கேட்டுக் காணாதெண்டோ இப்ப யப்பானிலயிருந்தும் எடுக்கிறியள்? நல்ல கதை ஒண்டும் அவங்களிட்ட இல்லையாமோ?" என்று சத்தம் போடுவார்.

"ஏன் உவனுக்கு மட்டும் கண் கீறேல்லை?" என்று ஒரு நாள் அப்பா கேட்டார்.

"தொப்பி நிழல் அப்பா."

"மற்றவங்களும் தொப்பி போட்டிருக்கிறாங்கள்தானே. அவங்களுக்குக் கீறியிருக்கு." கைத்தொலைபேசியை வாங்கி, மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "உவனுக்குக் கீறினால் எங்களுக்குப் பாவம் வந்திடும். அதுதான் கீறேல்லை."

நான்காவது புத்தகத்தில் ஓர் இடம் இருக்கிறது. பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பாசறையில் விட்ட முதல் மாலை, கப்டன் ஒவ்வொருவனாகத் தன் அறைக்குக் கூப்பிடுகிறான். ஒரே கேள்விதான் கேட்கிறான். உன் வீட்டில் அம்மா என்ன சமைப்பாள்? ஒருவன் மீன் என்கிறான். ஒருவன் ஏதோ ஊறுகாய் என்கிறான். அந்தத் தம்பிப் பெடியன் வள்ளிக்கிழங்குக் கஞ்சி என்கிறான், கொஞ்சம் இஞ்சி போடுவாள் என்றும் சொல்கிறான். வெளியே வந்ததும் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கடைசிப் படத்தில் கப்டன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனியே இருக்கிறான். சின்னதாக வரைந்திருப்பார்கள். மற்றதெல்லாம் வெள்ளை.

"ஏன் கேட்டவன்?" என்றார் அப்பா.

"பிறகு வரும்."

"வீட்டில சாப்பாட்டுச் சாமான் ஒளிச்சு வைச்சிருக்கினமோ எண்டு அறியக் கேட்டிருப்பான்."

"இல்லை அப்பா. பொறுங்கோ."

அந்தப் 'பிறகு' எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவு கதையும் சொல்லிக்கொண்டு வந்தேன். அதை வாசித்த நாள் விடுதியில் நுளம்புவலைக்குள் படுத்துக்கொண்டு வாயைப் பொத்தி அழுதிருக்கிறேன். அந்த அத்தியாயத்துக்குக் கீழே உலகமெல்லாம் இருந்து வாசிப்பவர்கள் எழுதியிருந்தார்கள். இவனைப் போல் ஆழமான ஒரு பாத்திரத்தைப் பார்த்ததில்லை, இவனைத் தவறாக நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்று.

அந்த அத்தியாயத்தைச் சொன்ன நாள் மழை விட்டு வெயில் எறித்தது. அம்மா சந்தைக்குப் போயிருந்தார். நான் அவசரப்படாமல் படங்களைத் தள்ளினேன். பட்டாளம் பின்வாங்குகிறது. உறைந்த ஆற்றங்கரையில் குண்டுகள் விழுகின்றன. தம்பிப் பெடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியில் கிடக்கிறான். கப்டன் பக்கத்தில் முழங்கால் ஊன்றி, தொப்பியைக் கழற்றுகிறான். முதல் தடவையாகக் கண்கள் வரையப்பட்டிருக்கின்றன. சாதாரணக் கண்கள். இமையில் பனி. அவன் குனிந்து பெடியனின் காதுக்குள் சொல்கிறான்: வந்துவிட்டாய், அம்மா அடுப்பில் வள்ளிக்கிழங்குக் கஞ்சி வைத்திருக்கிறாள், இஞ்சி மணக்கிறதா? பெடியன் மணக்கிறது என்கிறான். கப்டன் எழுந்து அடுத்தவனிடம் போகிறான். அவனுக்கு மீன். அதற்கு அடுத்தவனுக்கு ஊறுகாய். பக்கம் பக்கமாக, அந்தச் சின்னக் குமிழிகள்.

கைத்தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணும் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"அப்ப உவனுக்கு முதலே தெரிஞ்சிருக்கு" என்றார்.

"என்ன அப்பா?"

"உந்தப் பெடியள் திரும்பிப் போகமாட்டாங்கள் எண்டு. இல்லாட்டி ஏன் முதல் நாளே கேட்டு வைச்சவன்? தெரிஞ்சுகொண்டுதான் லொறியில ஏத்தியிருக்கிறான்."

அத்தனை பேர் எழுதியிருந்ததில் ஒருவரும் அதை எழுதவில்லை. எனக்கும் தோன்றியதில்லை. நான் எதையோ காப்பாற்ற வேண்டும்போல அவசரமாகச் சொன்னேன்: "ஆனா கடைசியில பக்கத்தில இருந்தவன்தானே. அவ்வளவு அன்பாக் கதைச்சவன்."

"அந்தக் கதை சாகிறவனுக்கில்லை பிள்ளை. அது அவனுக்கு." காலை மெதுவாக நகர்த்தி வைத்தார். "பிறகு நித்திரை கொள்ளோணுமெல்லே."

அதற்குமேல் அன்று கதை ஓடவில்லை. மாலையில் நான் நான்காவது புத்தகத்தைத் திரும்ப எடுத்து அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்தேன். தனிமையான மனிதன் என்றுதான் இவ்வளவு நாளும் அந்த முதுகைப் பார்த்திருந்தேன். இப்போது அது தான் செய்யப்போவதை அறிந்துகொண்டிருக்கிற ஒருவனின் முதுகாகத் தெரிந்தது. வரைந்தவர் ஒரு கோட்டையும் மாற்றவில்லை. எங்கள் அப்பா சொன்ன ஒரு வசனம்தான் மாற்றிவிட்டது. அது ஆழம் என்றால், எட்டிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

சில நாட்கள் அப்பா கப்டனைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒரு பின்னேரம் அவர் கட்டிலில் நிமிர்ந்து இருந்து என்னோடு சேர்ந்து விதைக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். தானாகவே தொடங்கினார்.

"அவனெண்டாலும் கேட்டான். நான் ஒண்டும் கேட்கேல்லை. சொந்தப் பேரைக்கூடக் கேட்கிறதில்லை. இயக்கப்பேர் ஒண்டை வைச்சுக் கூப்பிடுறது. அவ்வளவுதான். கேட்டிருந்தால் கூட்டிக்கொண்டு போயிருக்கேலாது."

நான் இத்தனை வருடம் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "அப்பா, ஆரையெண்டாலும் விட்டனீங்களோ? ஒருத்தரும் பாக்காத நேரத்தில, ஓடிப்போ எண்டு?"

"இல்லை."

"ஒருத்தரையும்?"

"இல்லைப் பிள்ளை. விட்டிருந்தால் அதை எத்தினை தரம் உனக்குச் சொல்லியிருப்பன்."

கோதுகளைக் கூட்டிச் சுளகில் போட்டார். நான் அடுத்த பிடி கச்சானை அள்ளினேன். அவர் பின்வீதிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பெடியன் இல்லை. எனக்குத் தெரியும்."

மாமியின் மகனைத்தான் சொன்னார். கடைசி மாதத்தில், முல்லைத்தீவுக் கடலேரிக் கரையில், அவனும் இன்னும் சிலரும் ஒரு பங்கருக்குள் இருந்திருக்கிறார்கள். அப்பா கொஞ்சம் தள்ளி நின்றிருக்கிறார். "செல் கூவிக்கொண்டு வந்தது. நான் படுத்திட்டன். எழும்பித் திரும்பிப் பாக்கேக்க பங்கர் இல்லை. மேடு மட்டும்தான் இருந்தது. தோண்டிப் பாக்கக்கூட நேரமில்லை, அடுத்தது வந்திட்டுது." அதற்குப் பிறகு வந்த ஏதோவொன்றில்தான் அவர் தொடையும் கிழிந்தது.

"ஏன் அப்பா மாமியிட்டச் சொல்லேல்லை?"

"முகாமால வந்த உடன சொல்ல நினைச்சனான். நாளைக் கடத்திப்போட்டன், பிறகு அவா அந்தக் கொட்டகைக்குப் போகத் தொடங்கியிட்டா. படத்தைப் பிடிச்சுக்கொண்டு றோட்டில இருக்கிறா. பெடியனை நான்தான் கொண்டு போனனான். படத்தையும் நானே பறிக்கிறதோ எண்டு விட்டிட்டன்." ஒரு கச்சானை உடைத்துப் பருப்பைத் தனியே போட்டார். பிறகு, "அதுவும் ஒரு சாட்டுத்தான்" என்றார்.

காணாமல் போனவர்களின் தாய்மார் வீதியோரத்தில் கொட்டகை போட்டு வருடக்கணக்காக இருக்கிறார்கள். மாமி தன் முறை வரும் நாட்களில் விடிய பஸ் ஏறிப் போய் இருந்துவிட்டு வருவார். அது ஊருக்கெல்லாம் தெரியும்.

கால் ஊன்றக்கூடியதாக வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். "வா பிள்ளை, ஒருக்கால் போட்டு வருவம்." எங்கே என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அப்பாவுக்குத் தோய்த்து மடித்த சேட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மாமி முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். படலையில் அப்பாவைக் கண்டதும் கை நின்றுவிட்டது. அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "என்ன?"

"அப்பா உங்களோட ஒண்டு கதைக்கோணுமாம் மாமி."

வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. அப்பா படலைக்கு உள்ளே வந்து, வேலியின் கதியால் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார். எனக்குச் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னார். கரை, பங்கர், செல், மேடு. மாமி மிளகாய்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கேட்டார்:

"அவன் என்னைக் கேட்டவனோ?"

எனக்குள் அந்தச் சின்னக் குமிழிகள் ஓடத் தொடங்கின. ஓமெண்டு சொல்லுங்கோ அப்பா, கேட்டவன் எண்டு சொல்லுங்கோ, ஆர் போய்ப் பாக்கப் போகினம் என்று நெஞ்சுக்குள் கெஞ்சினேன்.

"தெரியாதக்கா" என்றார் அப்பா. "நான் பக்கத்தில நிக்கேல்லை."

"பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னீர்."

"ஓம் அக்கா."

"பாக்கேல்லை."

"இல்லை."

மாமி எழும்பினார். மிளகாய் பட்ட கையால் முகத்தைத் துடைக்கப் போனவர், நினைவு வந்து கையை இறக்கிக்கொண்டார். "ரெண்டு பேரும் போங்கோ" என்றார். சத்தம் போடவில்லை. நாங்கள் படலையைச் சாத்திவிட்டு வந்தோம். அப்பா அன்று சாப்பிடவில்லை. அவர் பொய் சொல்லாததற்காக எனக்கு அவர்மேல் கோபமாக இருந்தது. கனநாள் இருந்தது.

இதற்கிடையில் மங்கா முடிந்தது. போரில் வென்றவர்கள் கப்டனைப் பிடித்து ஒரு சுவரோரம் நிறுத்துகிறார்கள். சுடுவதற்கு முன், காவலுக்கு நிற்கும் ஒருவன் விளையாட்டாக அவனிடம் உன் தாய் என்ன சமைப்பாள் என்று கேட்கிறான். கப்டனுக்கு ஞாபகம் வரவில்லை. மறுபடியும் எல்லோரும் அழுது எழுதியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளின் தாய்மார் யாரையும் கடைசிப் புத்தகத்தில் வரைந்திருக்கவில்லை. அந்த மலைக்கிராமத்துக்குக் கதை திரும்பிப் போகவே இல்லை. முன்பென்றால் இதை நான் கவனித்திருக்க மாட்டேன்.

"கப்டனுக்கு என்ன நடந்தது?" என்று அப்பா ஒரு நாள் வயலுக்குப் போக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"செத்துப்போனார்."

"ஆர் சுட்டது?"

"வெண்டவங்கள்."

"ம்" என்றார். வரம்பில் இறங்கி நடந்தார்.

அடுத்த சிறுபோக நெல் வெட்டு முடிந்த கையோடு, மாமி எங்கள் படலையில் வந்து நின்றார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வரச் சொல்லி அம்மா எவ்வளவோ கேட்டும் வரவில்லை. என்னிடம் சொன்னார்: "இடத்தைக் காட்டச் சொல்லு பிள்ளை."

மாங்குளத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு இன்னொரு பஸ். அப்பா முன்னுக்கு இருந்தார். மாமி கடைசிக்கு முந்திய இருக்கையில் யன்னலோரம். நான் மாமிக்குப் பக்கத்தில். வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மடியில் ஒரு பை. அதற்குள் படம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, ஒரு தண்ணீர்ப் போத்தலும் குடையும்தான்.

கடலேரிக் கரையில் வெயில் கொளுத்தியது. இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு பேர் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். கரையெல்லாம் நாயுண்ணிப் பற்றை. ஒரு பக்கம் இராணுவ முகாமின் முட்கம்பி. அப்பா முதலில் வேகமாக நடந்தார். "இதில தலையில்லாத பனை ஒண்டு நிண்டது" என்றார். பனை இல்லை. இன்னும் கொஞ்சம் போனார். திரும்பி வந்தார். தண்ணீரைப் பார்த்து நின்று, கையை நீட்டி ஏதோ அளந்தார். கால் இழுக்கத் தொடங்கிவிட்டது. மணல் எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் இருந்தது. மேடு எல்லா இடமும் இருந்தது.

மாமி குடையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உமக்குத் தெரியேல்லை."

"இந்தக் கரைதான் அக்கா. இடம்..." அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். "இடம் தெரியேல்லை."

வலைக்காரர் ஒருவர் தண்ணீருக்குள் நின்றபடியே எங்களைத் திரும்பிப் பார்த்தார். என்னத்துக்கு வந்திருக்கிறோம் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன உடுப்போட நிண்டவன்?" என்று மாமி கேட்டார்.

அதற்கு அப்பா யோசிக்கவில்லை. "மண்ணிறச் சேட். அவனுக்குப் பெரிசு. கையை மடிச்சு விட்டிருந்தவன். செருப்பு ரெண்டும் ரெண்டு மாதிரி. ஒண்டு நீலம், மற்றது கறுப்பு. நீலத்துக்கு வார் அறுந்து கம்பியால கட்டியிருந்தவன்."

"நீலம் நான் வாங்கிக் குடுத்தது" என்றார் மாமி. "மல்லாவியில வாங்கினது."

குடையை மடக்கினார். மடக்கிக்கொண்டு, நின்றபடியே, வாயைத் திறந்து அழுதார். அந்த அழுகையை நான் எழுத மாட்டேன். அப்பா தலையை நிமிர்த்தவில்லை. நான் யாருக்குப் பக்கத்தில் போய் நிற்பது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமி என்னோடு கதைத்தார். அடுத்த கிழமையும் கொட்டகைக்குப் போவாராம். "உன்ர கொப்பா சொன்னது எனக்கு. அங்க நான் இருக்கிறது, பதில் சொல்லவேண்டிய ஆக்கள் சொல்லோணுமெண்டு. மற்றத் தாய்மாரை விட்டிட்டு வரேலுமோ?" பிறகு முன்பள்ளியில் எத்தனை பிள்ளைகள், சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்களா என்று விசாரித்தார். முன் இருக்கையில் அப்பாவின் பின்தலை பஸ்ஸோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. நித்திரை இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊருக்கு முந்திய தரிப்பிடத்தில் மாமி மணியை அடித்தார். "இதில ஏன் மாமி இறங்குறியள்? இன்னும் தூரம் கிடக்கு" என்றேன்.

"உங்களோட வந்து இறங்கினால் சனம் பாக்கும்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி, அப்பாவைக் கடந்து போய், படியில் இறங்கினார். அப்பா யன்னலால் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு அவர் வீதியோரமாக நடக்கத் தொடங்கியிருந்தார்.

"நாங்களும் இறங்குவமோ பிள்ளை?" என்று கேட்டார் அப்பா.

"வேண்டாம் அப்பா" என்றேன். பஸ் எடுத்தது.